கடைமடை லினக்ஸுக்கு ஊர் கூடிக் கேட்ட அனுமதி

பூதலூர்

ஆறு வற்றினாலும் வற்றாத பாசத்துக்குரிய மருமகள் எழில்மொழிக்கு,

தாய்மாமன் செல்லதுரை எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தையும் எருமையும் சுகம். புனேயில் நீயும் உன் கம்ப்யூட்டரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம்.

நம் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டர்களுக்காக நீ உருவாக்கிய ‘கடைமடை’ என்ற லினக்ஸ் மென்பொருளைக் கைவிடப் போவதாகப் போனில் அழுதாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோதுதான் கொஞ்சம் இறங்கியது. லினக்ஸை யாரும் யாருக்கும் தரலாம், வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற அந்தச் சின்ன மென்பொருள் மட்டும் கம்பெனி சொத்து, அனுமதியில்லாமல் அதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, எத்தனை முறை எழுதியும் பதிலே இல்லை என்றாய். தனியாளாகக் கேட்டால் எவன் மதிப்பான்? மேட்டூர் திறந்தும் நமக்குத் தண்ணீர் வராவிட்டால் ஊர் கூடிக் கையெழுத்துப் போட்டுத்தானே மனு கொடுப்போம்? அந்த மனுவையே எடுத்து, தண்ணீரை அடித்துவிட்டு டிரைவர் என்று எழுதினேன். ஊரே கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டது; எதிர்வீட்டு ராசம்மாள் மட்டும், “இது எதுக்குண்ணே?” என்றாள்.

“நம்ம எழில் புள்ளைக்கும்மா. கம்பெனிக்காரன் மூட்டையைத் தைச்சது தைச்சபடி நாம கொண்டுபோய்க் குடுக்கணும். அதுக்கு அனுமதி.”

“பிரிக்க மாட்டோம்ல?”

“பிரிக்கவே மாட்டோம்.”

“அப்பறம் அவனுக்கு என்ன நோவு?” என்று கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்னதையும் மனுவில் சேர்த்தேன், நோவை மட்டும் நீக்கிவிட்டு. கையெழுத்துத் தாள்களை விரித்தால் கல்லணை வரை போகும்.

நேற்று பதில் வந்துவிட்டது. மாற்றாமல், பிரிக்காமல், விலை வைக்காமல் பகிர்ந்துகொள்ளலாமாம். கடைசியில் இருந்த ‘வாய்க்காலைத் தூர்வார வேண்டும்’ என்ற வரியை நான் அடிக்க மறந்துவிட்டேன். அது தங்கள் பொறுப்பில் வராது என்று தனியாக வருந்தியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் வைத்த வெடியில் தரங்கம்பாடிக் கடல் இரண்டடி பின்வாங்கியது. இனி அழாதே, வேலையைப் பார்.

உன் தலைமேல் என் கை எப்போதும் இருக்கும்; புனே வரை எட்டுகிற கை அது.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: உன் அத்தை அந்தப் பதிலை நிதானமாகப் படித்தாள். அனுமதி, மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமாம். ராசம்மாளுக்கு உண்டு, டீக்கடை அப்துல் மஜீதுக்கு உண்டு, உனக்கு இல்லை. உன்னிடம் கையெழுத்து வாங்க எனக்குத் தோன்றவே இல்லை, கண்ணு. நீ இங்கேதான் எங்கேயோ இருக்கிறாய் என்ற நினைப்பு. ஆகவே கடைமடையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வா. டிரைவரைச் சேர்க்கிற பொத்தானை ராசம்மாள்தான் அமுக்குவாளாம். கையைக் கழுவிவிட்டுக் காத்திருக்கிறாள்.