படகில்லாத கப்பித்தான்

ஆன்லைன் விளையாட்டில் டிராகனை வெட்டியவர்கள் உலகத்தில் லட்சம் பேர் இருப்பார்கள். கோட்டையைப் பிடித்தவர்கள், மந்திரவாதியைக் கொன்றவர்கள், ராஜகுமாரியை மீட்டவர்கள் எல்லாம் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். ஆனால் கையில் கொடுத்த வாளை முதல் நாளே விற்றுவிட்டு, அந்தக் காசில் தூண்டில் வாங்கி, அந்தத் தூண்டிலோடு அந்த உலகத்தின் உச்சிக்கே போனவர் ஒரே ஒருத்தர்தான். அடித்துச் சொல்வேன். அவர் உட்கார்ந்திருந்தது என் கடையில், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில்.

அப்போது நான் லாஸ்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்குப் பிரவுசிங் சென்டர் என்றாலே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டி வைத்து மறைத்த வரிசைக் கம்ப்யூட்டர்கள், ஒரு மின்விசிறி, செருப்பை வெளியே விடவும் என்று ஒரு போர்டு, அதைக் கடைசிவரை யாரும் மதிக்காதது, இவ்வளவுதான் பிரவுசிங் சென்டர். மதித்த ஒரே வாடிக்கையாளர் அந்த ஜன்னலோரக்காரர், கப்பித்தான். அதுகூட என் போர்டுக்காக இல்லை. படகில் செருப்புக் காலோடு ஏறக் கூடாதாம்.

துறைமுகத்தில் யாருடையதோ விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் அவர். அதாவது படகு முதலாளியுடையது, உழைப்பு இவருடையது, பிடிபட்டதில் இவருக்கு ஒரு பங்கு. ஐம்பதை ஒட்டிய வயது. கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு. முதல் தடவை வந்தது மச்சானின் துபாய் விசாவைப் பிரிண்ட் எடுக்க. பிரிண்டர் வழக்கம்போல மக்கர் செய்தது. காத்திருந்த நேரத்தில் பக்கத்துத் தட்டியில் ஒரு காலேஜ் பையன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை எட்டிப் பார்த்தார். திரையில் வாளும் கையுமாக ஒருவன் கடற்கரையோரம் ஓடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தக் கடல்ல மீன் இருக்குதா?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்குதுண்ணா. புடிக்கலாம். ஆனா யாரும் புடிக்க மாட்டாங்க, நேரம் வேஸ்ட்டு."

"மீன் இருக்குது, எவனும் புடிக்க மாட்டான்றியா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத்தான் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்துக்குள் நுழைய ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி என்று வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தொழில் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லியா?" என்றார். சரி, போர்வீரன் இருக்கட்டும் என்று ஏற்றி விட்டேன். கால் மணி நேரத்தில் வாள் போயிற்று, கேடயம் போயிற்று, இரும்புத் தொப்பி போயிற்று. இடுப்புத் துணியும் தூண்டிலுமாகக் கடலுக்குள் நீளும் ஒரு பாலத்தின் நுனியில் போய் நின்றார். பக்கத்தில் தங்கக் கவசமும் நெருப்புச் சிறகுமாக ஆட்கள் பறந்துகொண்டிருந்தார்கள். இவர் அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவருக்குப் பெயர் வைத்தது என்னுடைய இன்னொரு வாடிக்கையாளர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பாரிசில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்ப வந்தவர், திரையில் கடலையும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவரையும் பார்த்துவிட்டு, "பொன்ழூர், கப்பித்தான்" என்று சலாம் வைத்தார். பிரெஞ்சில் பொன்ழூர் என்றால் வணக்கம், கப்பித்தான் என்றால் கப்பலுக்குத் தலைவன். வாழ்நாளில் ஒரு கட்டுமரம்கூடச் சொந்தமாக இல்லாத மனிதருக்கு அந்தப் பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

கடலில் கற்ற வித்தையெல்லாம் அந்த ஆட்டத்தில் அவருக்குப் பயன்பட்டது என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. ஒரு வித்தையும் பயன்படவில்லை. வாடைக் காற்று அடிக்கிறது என்று பாலத்தின் மறுபக்கம் போய் நிற்பார், அங்கே ஒரு மத்தியும் சிக்காது. அந்த மீன்களை ஏதோ கம்பெனியில் எவனோ கணக்குப் போட்டு விடுகிறான், காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். "அவனும் ஒரு கடலைப் பாத்துட்டுத்தான போட்டிருப்பான்" என்றார். காட்டிலிருந்து ஓநாய் வந்து முதுகைக் கடிக்கும். இவர் பாட்டுக்குத் தூண்டிலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவார். எழுந்து, நடந்து, பழைய இடத்துக்கே வந்து நிற்பார். ஓநாய்க்கே ஒரு கட்டத்தில் சலித்திருக்கும்.

அவரைப் பார்த்து நான் வாயைப் பிளந்தது இதில்தான். அந்த ஆட்டத்தில் மீன்பிடிக்குக் கிடைக்கும் பரிசுகள் படு அற்பம். ஆயிரக்கணக்கில் பிடித்தால் ஒரு வாளி தருவான். இன்னும் மலைபோல் பிடித்தால் ஓலைத் தொப்பி. இதற்காக உட்கார எவனுக்குப் பொறுமை இருக்கும்? கப்பித்தானுக்கு இருந்தது. வாளி கிடைத்த அன்று எதிர்க்கடையில் போண்டாவும் டீயும் வரவழைத்துக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கொடுத்தார். ரயில்வே டிக்கெட் எடுக்க வந்த ஒருவர் போண்டாவை வாயில் வைத்துக்கொண்டே, "என்னா விசேஷம்?" என்றார். "வாளி குடுத்துட்டாங்க" என்றார் கப்பித்தான். அரசாங்கத்தில் ஏதோ இலவசம் கொடுத்ததாக வந்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும், வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சேதராப்பட்டு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவன் ஷிப்ட் முடிந்து ஆட வருவான். சிறகு வேண்டும் என்று வாரக்கணக்கில் ஒரே பூதத்தைக் கொன்றுகொண்டிருந்தான். பூதம் செத்தது, சிறகு வரவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் என் மவுஸை மேஜையில் ஓங்கிக் குத்தினான். கப்பித்தான் தட்டிக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"போன மாசம் பூரா நாங்க போனோம். டீசல் போட்ட காசுக்குக்கூட மீன் வரல. அதுக்காவ கடல நாலு போடு போட்டுட்டா வந்தோம்? வெறுங்கையோட வர்றதும் வேலைதான்யா. மவுச வுடு, பாவம், அது என்னா பண்ணும்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். இனி மனிதர் நாள் முழுக்க என் கடையில்தான் என்று கணக்குப் போட்டேன். வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். பாலத்தில் போய் நின்றார். தூண்டிலை மட்டும் எடுக்கவில்லை.

"என்னண்ணா, நெட்டு ஸ்லோவா?"

"தடைக்காலம் தம்பி."

"இது கம்ப்யூட்டர் கடல்ண்ணா."

"அதுக்கு? முட்ட போடாதா?" என்றவர், மற்ற ஆட்டக்காரர்களுக்கும் அதைச் சொல்லச் சொன்னார். இங்கிலீஷில் தட்டினேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிரிக்கிறாங்கண்ணா" என்றேன். "சிரிக்கட்டும். பின்னாடி வெறும் வாளியப் பாத்து அழுவானுவோ" என்றார். தடைக்காலம் முடிகிறவரை தினமும் வந்து, காசு கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைக் காவல் காத்தார். தெய்வமே என்று இருந்தது எனக்கு.

அந்தப் பாலத்தில் அவருக்கு ஒரு பக்கத்து ஆள் உண்டு. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் உருவம், எப்போதும் இவருக்கு இடது கைப்பக்கம் நிற்கும். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. இவர் வந்ததும் அது ஒரு குதி குதிக்கும். பதிலுக்கு இவரும் ஒரு குதி குதிப்பார். அவ்வளவுதான் பேச்சு. ஊரே சிரித்த தடைக்காலத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு இவர் பக்கத்தில் சும்மா நின்றது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பங்காளி.

இப்படியே வருடம் ஓடியது. கப்பித்தான் மீன்பிடியின் கடைசிப் படிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் படிக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு திருவிழா உண்டு. குறித்த நாளில், கடைசி ஒரு மணி நேரத்தில், ராஜமீன் ஒன்றே ஒன்று வரும். பிடிப்பவருக்குச் சொந்தமாக ஒரு படகு. பாய்மரம் உள்ள படகு. பக்கத்தில் பெயர் எழுதிக்கொள்ளலாம்.

"சொந்தமாவா? பங்குக்கு இல்லியே?" என்று மூன்று தடவை கேட்டார். இல்லை, முழுசாக உங்களுடையது என்றேன். அவர் எழுந்து வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்ததா, புகையா என்று நான் கேட்கவில்லை.

விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அவர் மனைவி அஞ்சலை, காலிக் கூடையோடு நேராகக் கடைக்கு வந்தார்.

"எம்பேர எழுதி கப்பல் வாங்கப் போறாராமே, எங்க அது?"

திரையைக் காட்டினேன். பாலத்தில் நின்ற உருவத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தாள் எப்பவும் நின்னுக்கினே இருக்காரே, கால் வலிக்காது?" என்றார். பிறகு வாளியில் இருந்த மீன்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து, "எல்லாம் நேத்து மீனு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று என்னிடம் மட்டும், "படகு கெடைக்குமா தம்பி?" என்று கேட்டார். குரலில் கேலியே இல்லை.

திருவிழா நாள் சாயங்காலம். கப்பித்தான் குளித்து, திருநீறு பூசி, துவைத்த சட்டையில் வந்தார். தொழிற்சாலைக்காரன் தன் பூதத்தை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றான். சொல்தா பெரியவரும் மெயிலை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாளிக்கு உட்காராதவர்களும் படகுக்காகப் படியேறி வந்திருந்தார்கள், பாலம் நிறைய ஆட்கள். சிவப்புத் தொப்பியை மட்டும் காணோம்.

கடைசி மணி நேரம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், அரட்டைப் பெட்டியில் யாரோ ஒரு வரி எழுதினார்கள். நான் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"என்னா போட்டிருக்கான்?"

"அண்ணா... சிவப்புத் தொப்பி செத்துட்டாங்களாம். அவங்க தம்பி சொல்லச் சொன்னாராம்."

"ஓநாயா?"

"இல்லண்ணா. ஆட்டத்துல இல்ல. நெசமாவே."

கப்பித்தான் இடது பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு தூண்டிலைச் சுருட்டினார். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்குது. ராஜமீன் இப்ப வந்துடும்" என்று நான் பதறினேன்.

"குப்பத்துல சாவு வுழுந்தா எவனும் கடலுக்குப் போவ மாட்டான் தம்பி."

"இது நம்ம குப்பம் இல்லண்ணா. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது."

"பக்கத்துல நின்னு தொழில் பண்ணவன். இதுக்கு மேல என்னாத்த தெரியணும்?" என்றார். கோபமில்லை. "நம்ம ஊர்ல இப்படின்னு அவங்ககிட்ட சொல்லு. யாரையும் வைய வேணாம், சொல்லு போதும்."

தட்டினேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அன்று யாரும் கடலில் இறங்க மாட்டோம் என்று எழுதினேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பாலத்தின் நடுவே நின்ற ஒருவர் தூண்டிலைச் சுருட்டினார். அடுத்து இன்னொருவர். ராஜமீனுக்காக இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு தங்கக் கவசக்காரன் கொஞ்சம் நின்று பார்த்தான். பிறகு அவனும் சுருட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தான். சொல்தா பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் பார்த்த எந்த டிராகன் சண்டையிலும் இப்படி ஒன்று நடந்ததில்லை.

அப்போதுதான் ஒரு மூலையில் இவ்வளவு நேரம் அசையாமல் நின்ற ஓர் உருவம் அசைந்தது. சாப்பிட எழுந்து போனவன் போலிருக்கிறது. வந்தான், அரட்டையைப் படிக்கவில்லை, தூண்டிலைப் போட்டான். ஒரே வீச்சு. ராஜமீன் அவன் கையில். மேளம் அடித்தது, வாணம் வெடித்தது, படகு வந்து நின்றது. ஒருவரும் கைதட்டாததைப் பார்த்துப் பையன் மிரண்டுபோனான். எல்லாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். யாரோ சொன்னார்கள். மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரியாது, படகைக் கைமாற்றிக் கொடுக்கவும் ஆட்டத்தில் வழியில்லை என்று எழுதிக்கொண்டே இருந்தான்.

தொழிற்சாலைக்காரன் அவனை நல்ல தமிழில் திட்டினான். கப்பித்தான் கையமர்த்தினார்.

"தெரியாம செஞ்சான், வுடு. அஞ்சலைகிட்ட நான் சொல்லிக்கிறேன்." சற்று நேரம் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய், மரம், பெயர் எழுதுகிற இடம் என்று கண் மெதுவாகப் போய் வந்தது. "தம்பி, அதுல எத்தினி பேரு ஏறலாம்?"

"நாலு பேர்ண்ணா."

"பங்குக்கு ஆள் வேணுமான்னு கேளு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நாளைக்குத்தான்னு சொல்லு. இன்னிக்கு எவனும் போவக் கூடாது."

அவர் சொன்னதை ஒன்று விடாமல் தட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்ற தைரியத்தில், அதற்குக் கீழே நானாக ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன்: 'இவரைக் கட்டாயம் ஏற்றிக்கொள். எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே கப்பித்தான் இவர்தான்.'