மிளகாய் மில் புளோவரும் மகளின் லெப்டொப்பும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். ஆனால் என் எழுத்துகள் கோட்டை மதிப்பதில்லை. பிழைகளையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சாக்குகளின் மேல்தான். மிளகாய், மல்லி, மஞ்சள் என்ற மூன்று சொற்களில் பிழை விடமாட்டேன். மற்றவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

ஒரே தொழிலில் இருபது வருடம் நின்றவனுக்கு ஒரு வியாதி வரும். எந்தச் சாமானைப் பார்த்தாலும் தன் தொழில் சாமானாகவே தெரியும். தையற்காரருக்கு எல்லோரும் அளவு எடுக்க வேண்டிய ஆட்கள். எனக்கு எல்லாம் மோட்டர்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அரைக்கும் மில்லில் மிளகாய் மெஷின் என் பொறுப்பு. தினமும் வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கையில் பிடிக்கிற புளோவரால் மோட்டருக்கு நன்றாகக் காற்று அடிப்பேன். அடிக்காவிட்டால் தூள் படிந்து, மோட்டர் சூடாகி, ஒருநாள் எரிந்துவிடும். இருபது வருடத்தில் நான் ஒரு மோட்டரைக்கூட எரிய விட்டதில்லை. பெருமைப்பட என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டுவிட்டேன்.

இன்னொன்று, மிளகாய்த்தூள் எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியாது. மில்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தும்முவார்கள். நான் உள்ளே நின்று பிளேன்டீ குடிப்பேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஷெரின். படிப்பை முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். கூப்பிட்டது ஒரே ஒரு இடம், கப்பல் கம்பனி ஒன்றின் அலுவலகம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லெப்டொப் வழியாகவே நேர்முகம். அந்த லெப்டொப் என் மச்சான் பாவித்துவிட்டுக் கொடுத்தது.

வியாழக்கிழமை ஷெரின் சிநேகிதியோடு ஒத்திகை பார்த்தாள். பாதியில் லெப்டொப் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்து, சூடாகி, தானாகவே அணைந்துவிட்டது.

"சனிக்கிழமையும் இப்பிடி நிண்டா நான் என்ன செய்வன் அப்பா?" என்றாள்.

நான் காதை வைத்துக் கேட்டேன். பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்த நோய்.

"உள்ளுக்குத் தூசி மகள்" என்றேன். (இந்தக் கதை முழுவதிலும் நான் சரியாகச் சொன்னது இது ஒன்றுதான்.)

"கடைக்குக் குடுக்க நேரமில்ல. நீங்க ஒண்டும் தொடாதேங்கோ, என்ன?"

"ஓம்" என்றேன். நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவன். கூச்சக்காரனுக்கு அதுதான் சுருக்கு வழி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளியிடம் போய் நின்றேன்.

"முதலாளி, புளோவரை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு போகட்டா?"

"ஏன்டாப்பா சூசை, வீட்டிலயும் மில் போட்டிட்டியா?"

"இல்ல முதலாளி. ஒரு சின்ன மோட்டர்."

சனிக்கிழமை காலை ஸ்டெல்லாவும் மகளும் மெழுகுதிரி கொளுத்த கோயிலுக்குப் போனார்கள். ஸ்டெல்லா என் மனைவி. நேர்முகம் என்றால் அவளுக்கு இரண்டு மெழுகுதிரி. நான் தலையிடி என்று வீட்டில் நின்றுவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் முறையாகத்தான் செய்தேன். லெப்டொப்பை அணைத்தேன். வயரைக் கழற்றினேன். மேசையில் பேப்பர் விரித்துக் கவிழ்த்து வைத்தேன். புளோவரின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியாலும் துடைத்தேன். அந்தப் புளோவர் இத்தனை வருடமாக மிளகாய் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று என்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை.

புளோவரின் வாயை ஓட்டையில் வைத்து, முழு வேகத்தில் அடித்தேன்.

உள்ளே ஏதோ கேத்தல் கொதிக்கிற மாதிரி விசில் அடித்தது. மற்றப் பக்கத்தால் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் தூசி வந்தது. ஒரு பூனைக்குட்டிக்குப் போர்வை தைக்கலாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நிமிர்த்தித் திறந்து எழுத்துக் கட்டைகளுக்கும் அடித்தேன். திரைக்குக் கீழே இருந்த நீட்டு ஓட்டைக்கும் அடித்தேன். மனம் ஆறாமல் இரண்டாம் முறையும் அடித்தேன். சன்னல் வெயிலில் மெல்லிய சிவப்பாக என்னவோ மிதந்தது. காலை வெயிலின் நிறம் என்று நினைத்தேன். அழகாகவும் இருந்தது.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, புளோவரைக் குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒளித்தேன்.

ஸ்டெல்லா உள்ளே வந்ததுமே தும்மினாள். "என்னப்பா, மில்லே வீட்டுக்கு வந்த மாதிரி! அந்தச் சேர்ட்டைக் கழட்டி வெளியில போடுங்கோ!"

கழற்றிப் போட்டேன். நான் மில்லுக்குப் போகத் தொடங்கிய நாளில் இருந்து தினமும் இதைத்தான் சொல்கிறாள். அதனால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பத்து மணிக்கு ஷெரின் நீலச் சட்டையோடு லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, இண்டைக்குச் சத்தமே இல்ல!" என்றாள். நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்று எனக்குள்ளேயே சிரித்தேன். வேலை கிடைத்த பிறகு உண்மையைச் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்பது என் திட்டம்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்போம், இரண்டு பக்கமும் இரண்டு ஐயாமார். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் விளங்காது. ஆனால் குரலைக் கேட்டால் விளங்கும். முதல் பத்து நிமிடம் என் பிள்ளையின் குரல் மணி மாதிரி இருந்தது.

பிறகு லெப்டொப் சூடேறியது. உள்ளே இருந்த காற்றாடி சுற்றத் தொடங்கியது. திரைக்குக் கீழே இருந்த ஓட்டையால் காற்று நேராக அவள் முகத்துக்கு வந்தது.

ஒரு தும்மல். "சொறி." இன்னொரு தும்மல். "சொறி." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். குசினித் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால், பிள்ளையின் கண்ணால் தண்ணி பொலபொலவென்று ஓடுகிறது.

"பிள்ளையை என்ன கேட்டவங்கள்?" என்றாள் ஸ்டெல்லா என் காதுக்குள்.

"எனக்கென்ன தெரியும்?"

"பாவியள், அழ வைக்கிறாங்கள்!"

அவர்கள் கேட்டது, வாழ்க்கையில் மிகவும் கஷ்டப்பட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று. ஷெரின் பின்னர் சொன்னாள். சோதனை எழுதப் போன நாளில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஓடிப் போய்ச் சேர்ந்த கதையை அவள் தயாராக வைத்திருந்தாள். அதைத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்டதற்காக உலகத்தில் யாரும் இப்படி அழுதிருக்க மாட்டார்கள். ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிள்ளைக்கு வேர்க்கிறது போல என்று நினைத்து, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி மேல் ஃபேனைப் போட்டேன். (என் மூளை அன்று முழுவதும் காற்றிலேயே இருந்தது.) எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் இருந்ததெல்லாம் கிளம்பியது. ஸ்டெல்லா தும்மினாள். மேசையில் இருந்த வெள்ளைச் சான்றிதழ்களின் மேல் சிவப்பாகப் படிவதை அவள் கண்டாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்தனீங்கள்?"

"கிளீன் பண்ணினனான்."

"எதால?"

நான் மூலையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் அந்த நோனா தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அதில் 'ஸ்டொப்' என்ற ஒரு சொல் எனக்கு விளங்கியது. ஷெரின், முகத்தைத் துடைத்துத் துடைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எட்டு மாதம் போட்ட விண்ணப்பமெல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தது.

நான் பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடக்கிறவன். அன்று என்ன வந்ததோ தெரியாது. புளோவரைத் தூக்கிக்கொண்டு நேரே போய் மகளின் பக்கத்தில் நின்றேன். சேர்ட் வெளியில் கிடந்தது. நான் பெனியனும் சாரமும்.

"நோனா, மேக மகே வெரத்த" என்றேன் சிங்களத்தில். இது என் பிழை. மிளகாய் மில் புளோவரால் நான்தான் லெப்டொப்பைச் சுத்தம் செய்தேன், பிள்ளை அழவில்லை, தூள் எரிகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். சாட்சிக்குப் புளோவரைக் கமராவுக்கு நேரே நீட்டியும் காட்டினேன். வேறெங்கோ ஒரு கட்டடத்தில் இருந்த ஐயா ஒருவர் தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

முதலில் அந்த நோனாதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, உங்களுக்குத் தும்மல் வரவில்லையா என்று கேட்டார். பழகிவிட்டது நோனா என்றேன். செவ்வாய்க்கிழமை பிள்ளையை நேரே அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்றார். புளோவர் வேண்டாம் என்றும் சொன்னார்.

அழைப்பை முடித்துவிட்டு ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணும் மூக்கும் செவ்வரத்தம் பூ மாதிரி இருந்தன.

"அப்பா."

"ஓம் மகள்."

"நான் என்ன சொன்னனான்?"

"ஒண்டும் தொடாதேங்கோ எண்டு."

"நீங்க என்ன சொன்னனீங்க?"

"ஓம் எண்டு."

அன்றைக்கே லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்து மனுசன், என் வயது இருக்கும். அடிமூடியைக் கழற்றியவர் ஏழு தரம் தும்மினார். எண்ணினேன், வேறு என்ன செய்வது?

"அண்ணை, இது லெப்டொப்போ, தூள் போத்தலோ?"

நான் நடந்ததைச் சொன்னேன். மனுசன் மாஸ்க் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காட்டினார். "மில் மோட்டர் யானை எண்டா, இது வண்ணத்துப்பூச்சி அண்ணை. முதல்ல அணைச்சு, வயரைக் கழட்டி, ஆறவிட வேணும். பிறகு அடிமூடியைத் திறந்து பற்றரியையும் கழட்டுங்கோ. இந்தக் காற்றாடியை ஒரு குச்சியால சுத்தாமல் பிடிச்சுக்கொண்டு, கையால அமத்துற சின்னப் பம்பால பூ, பூ எண்டு விட்டு விட்டு அடிக்க வேணும். மிச்சத்தை மெல்லிய பிரஷால தட்டுங்கோ. நீங்கள் அடிச்ச அடிக்கு அது சுத்தின சுத்தில அச்சே தேய்ஞ்சு போச்சு."

காற்றாடியைப் புதிதாக மாற்றினார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டேன். இந்த முறை உண்மையான ஓம்.

செவ்வாய்க்கிழமை ஷெரின் ஒரு தும்மலும் இல்லாமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். வேலை கிடைத்தது. இப்போது அதே நோனாவின் கீழேதான் வேலை செய்கிறாள். அந்த அலுவலகத்தில் எந்த மெஷின் சூடானாலும், ஷெரினின் அப்பாவைக் கூப்பிடுவோமா என்று கேட்கிறார்களாம்.

வீட்டில் அதைவிட மோசம். யார் கண் கலங்கினாலும், "அப்பா என்னத்தைக் கிளீன் பண்ணினவர்?" என்பதுதான் முதல் கேள்வி. போன மாதம் ஸ்டெல்லாவின் பெரியப்பாவின் செத்த வீட்டில் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். ஷெரினும் அழுதாள். அழுதுகொண்டே தாயின் காதில் என்னவோ சொன்னாள். அவ்வளவுதான், ஸ்டெல்லா கண்ணைத் துடைத்த லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். "பெரியப்பாவில என்ன பாசம் பாருங்கோ" என்று சொந்தக்காரர்கள் அவள் முதுகைத் தடவினார்கள். வாசலில் நின்ற எனக்கு அது என்ன குலுக்கம் என்று தெரியும். அடக்க முடியாமல் றோட்டுக்கு ஓடி, மதில் பக்கம் திரும்பி நின்று நானும் குலுங்கினேன். அப்போது வயதான ஒருவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"அழாதேங்கோ தம்பி" என்றார். "அவர் நல்லா வாழ்ந்துதான் போனவர்."

"ஓம் ஐயா" என்றேன்.

எழுதி முடித்தது: நிக்கினிப் போயா நாள், பௌர்ணமி லீவு, மில் பூட்டு. கொட்டாஞ்சேனை.