கணுக்காலைப் பிடித்த இரண்டு கைகள்

மணலூர்பேட்டை,
திங்கள் காலை.

மருமகன் அன்புச்செல்வனுக்குத் தாய்மாமன் வீரமுத்து அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே பயிர் நலம், மாடு நலம், உன் அத்தை லட்சுமியம்மாளும் நலம். நான் நலமாக இல்லை. நீ போட்ட வட்டாரக் கபடிக் கழகப் பொன்விழா மலரைப் பார்த்ததிலிருந்து பிரஷர் மாத்திரையை இரண்டிரண்டாக விழுங்குகிறேன்.

பதினேழாம் பக்கத்தைத் திற. 1976 இறுதிப் போட்டி. ரிஷிவந்தியம் லூர்துராஜ் பக்கம் முழுக்கப் பறக்கிறான், கீழே ‘வெற்றிப் பாய்ச்சல்’ என்று கொட்டை எழுத்து. யாருக்கடா வெற்றி? அவன் வலது கணுக்காலில் இரண்டு கை தெரிகிறதா? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரன் நான். அவன் நடுக்கோட்டைத் தொடவே இல்லை, மூச்சு விட்டு அவுட் ஆனான், கோப்பை நம் ஊருக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் இடது மூலையில் நின்று கால் பிடித்தவன் நான், கபடி பாடிப் போனவனெல்லாம் பேர் வாங்கினான், நான் உதை வாங்கினேன், முன்பல் இரண்டு போச்சு, காறை எலும்பு உடைந்தது, சுண்டுவிரல் இன்றுவரை மடங்கவில்லை, சரி தொலையட்டும் என்று இருந்தால் நீ தலையே இல்லாமல் கையை மட்டும் அச்சடித்திருக்கிறாய். நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் லூர்துராஜே மலரும் கையுமாக வந்து, “இன்னா வீரமுத்து, புக்குல உன்னக் காணோமே, அன்னிக்கு நீ ஆடலியா?” என்கிறான். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் பேத்தி இலக்கியா, “தாத்தா, நீ நெசமாவே கபடி ஆடுனியா?” என்கிறாள். நான் ஆடியதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் படம். அதில் என் தலையை வெட்ட உனக்கு எப்படியடா மனசு வந்தது? மலரைத் திருத்தி அச்சடிக்கும்வரை விழாவுக்கு வர மாட்டேன். பொன்னாடையை அந்தக் கணுக்காலுக்கே போர்த்து.

உன் மனைவி ராதிகாவுக்கும் பிள்ளைகளுக்கும் முழு ஆசி. உனக்குப் பாதிதான்.

கோபத்துடன்,
வீரமுத்து

பின்குறிப்பு: இதை உன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “புள்ளைய ஏன் திட்டிக்கினு இருக்கீங்க? எங்க வூட்ல மாப்ள போட்டோ கேட்டாங்கன்னு நீங்கதான வெட்டி அனுப்சீங்க?” என்று பீரோவைத் திறந்து, நகை டப்பாவிலிருந்து என் தலையை எடுத்துக் காட்டினாள். மண்ணில் புரளுகிற படத்தைப் பார்த்தால் பெண் தர மாட்டார்கள் என்று நானே கழக ஆல்பத்திலிருந்து எடுத்துக் கத்தரித்து, மிச்சத்தைத் திரும்ப ஒட்டிவைத்திருக்கிறேன். சுத்தமாக மறந்துபோச்சு. சரி, தலையையாவது உனக்கு அனுப்பலாம் என்று கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். “இது எனக்கு வந்தது” என்று டப்பாவை மூடிவிட்டாள். மலர் அப்படியே இருக்கட்டும், மாப்பிள்ளை.