சம்பந்தம் உள்ளவர்கள் வெளியே போகலாம்

"தொண்டை போயிடுச்சு சார்" என்றார் பயிற்சியாளர். போனில் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. நடுவில் இரண்டு இருமல்.

"வெந்நீர் குடிச்சிட்டு வந்துடுங்களேன். நீங்க பேசவே வேண்டாம், ஸ்லைடைக் காட்டினா போதும்."

"டாக்டர் வாயைத் திறக்கவே கூடாதுன்னு..." என்பதோடு காற்றும் நின்றுவிட்டது.

குடிநீர் வாரியத்தின் பொறுப்புச் செயலாளர் கையில் போனோடு வராந்தாவில் நின்றார். கூட்ட அறைக்குள் வாரிய உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சுவரில் 'பொதுத்துறை வாரியங்களுக்கான நல்ல நிர்வாகப் பயிற்சி' என்று பேனர். பேனர் இருந்தது, பேனா இருந்தது, பிஸ்கட்கூட இருந்தது. வாத்தியார்தான் இல்லை.

ஆபீசில் அவரை எல்லோரும் கூப்பிடுவது கோரம் என்று. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் உட்கார வேண்டும் என்ற கணக்குக்குப் பெயர் கோரம். அந்தக் கணக்கு குறையாதபடி உறுப்பினர்களை வீட்டுக்கே போய்ப் பிடித்து வருவது அவர் வேலை. அதனால் வந்த பெயர். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்கிற கட்சியும் உண்டு. காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவருக்கே அந்தக் கட்சியில் சேர்ந்துவிடலாம் போல இருக்கும்.

ரொம்ப காலமாக அவர் 'பொறுப்பு'ச் செயலாளர். போன வாரம்தான் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தப் பயிற்சி நல்லபடியா முடியட்டும். பேருக்கு முன்னாடி இருக்கற 'பொறுப்பு'வை எடுத்துடலாம். வாத்தியாரை நானே பேசி வச்சுட்டேன், தங்கமான ஆள். நீங்க சாப்பாட்டையும் கோரத்தையும் பாருங்க. நாள் பூரா கோரம் குறையக் கூடாது, குறைஞ்சா பயிற்சியே செல்லாது."

வீட்டில் வந்து சொன்னபோது மனைவி கேட்டாள்: "பொறுப்பையும் எடுத்துட்டா உங்ககிட்ட வேற என்ன மிச்சம் இருக்கும்?"

இப்போதும் அவளுக்குத்தான் போன் போட்டார். கையைப் பிசையும்போதெல்லாம் அவர் விரல் தானாக அழுத்துகிற நம்பர் அது ஒன்றுதான்.

"என் தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள் அவள்.

"உன் தம்பி டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டச் சொல்லித்தர்றவன். நான் கேக்கறது நிர்வாகம் சொல்லித்தர்ற ஆளை."

"ரெண்டும் ஒண்ணுதான். தெரியாதவங்க கையில ஸ்டியரிங்கைக் குடுத்துட்டுப் பக்கத்துல உட்கார்ந்து பயப்படறது."

முப்பது வருஷ வாரிய வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகக் கோரத்துக்கு யாரும் சொன்னதில்லை.

மச்சான் வந்து சேர்ந்தான். காரின் தலையில் பெரிய 'எல்' போர்டு. கோரம் அதைத் துண்டால் மூடினார். மூடியதும் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"மாமா, பாடம் என்ன?"

"முதல்ல அந்த மாமாவை விடு. நீ யாரோ, நான் யாரோ. சார்னு கூப்பிடு."

"ஏன் மாமா, அக்காகூடச் சண்டையா?"

"இன்னிக்குப் பாடமே, சொந்தக்காரனுக்கு ஆபீஸ் வேலையைத் தூக்கிக் குடுக்கக் கூடாதுங்கறதுதான்டா."

மச்சான் யோசித்தான். "அப்ப நான் வீட்டுக்குப் போயிடவா?"

"போனா நான் தொலைஞ்சேன். உள்ள வா."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்ம ஆள் எங்க?"

"தொண்டைக்கட்டு சார். கடைசி நேரத்துல சொல்றாரு."

"நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு" என்று தலைவர் முகத்தைச் சுளித்தார். "இவர் யாரு?"

கோரத்தின் நாக்கு அவரைக் கேட்காமலே வேலை செய்தது. "திசைமாற்ற நிர்வாக வல்லுநர் சார்."

"வெளிநாட்டுல இருந்தவரா?"

"பல ரோடு பார்த்தவர் சார்."

மச்சான் மைக்கைப் பிடித்தான். "எல்லாரும் சீட் பெல்ட் போட்டாச்சா?" என்றான். கோரம் கண்ணை மூடிக்கொண்டார். அறை சிரித்தது. போன வருஷப் பயிற்சியில் இந்நேரத்துக்கு மூன்று பேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"தலைவர் ஸ்டியரிங். தணிக்கைக் குழு பிரேக். பிரேக்கைக் கழட்டி வச்சிட்டா வண்டி நல்லா ஓடும், நிக்கத்தான் நிக்காது. கண்ணாடி எதுக்கு? பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாக்க. முடி சீவ இல்ல."

தலைமுடியில் இருந்த கையைத் தலைவர் மெல்ல இறக்கினார்.

கணக்குக் குழு அம்மா கையைத் தூக்கினார். "இந்த நலன் முரண்பாடு, நலன் முரண்பாடுங்கறாங்களே, அது என்ன தம்பி? ஒவ்வொரு பயிற்சியிலயும் கேக்கறேன். சொல்றவங்களுக்கும் புரியல, எனக்கும் புரியல."

"சம்பந்தம்மா, வேற ஒண்ணும் இல்ல. ஒரு விஷயம் பேச வருது. அதுல உங்களுக்கோ, உங்க வீட்டுக்காரருக்கோ, சம்பந்திக்கோ ஏதாவது சம்பந்தம் இருக்கா? இருந்தா திரும்பறதுக்கு முன்னாடியே இண்டிகேட்டர் போடுங்க. 'எனக்குச் சம்பந்தம் இருக்கு'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எழுந்து வெளிய போயிடுங்க. அந்த விஷயம் முடிஞ்சதும் உள்ள வாங்க."

"சம்பந்தின்னாலே சம்பந்தம்தானா?"

"அதுக்கு மேல என்னம்மா சம்பந்தம் வேணும்?" என்ற மச்சான் உற்சாகத்தில் திரும்பி, "நான் சொல்றது சரிதானே மாமா..." என்றான்.

அறை கோரத்தைப் பார்த்தது. கோரம் பேனரைப் பார்த்தார்.

"...மாமாண்புமிகு செயலாளர் அவர்களே" என்று முடித்தான் மச்சான்.

"என்ன மரியாதை பார்த்தீங்களா" என்றார் தலைவர் பக்கத்தில் இருந்த பொறியாளர் உறுப்பினரிடம். "கோரத்தை மாண்புமிகுங்கறாரு. இப்படி ஒரு ஆளை எங்கய்யா பிடிச்சீங்க?"

"தேடினேன் சார்" என்றார் கோரம்.

அடுத்தது ஒத்திகைக் கூட்டம். ஒத்திகைக்கு எந்த விஷயத்தை எடுப்பது என்று மச்சான் கேட்டான். அந்தப் பாடத்துக்கான காகிதம் எல்லாம் தொண்டை போனவரிடம் இருந்தது. கோரம் அவசரத்தில், அடுத்த மாசக் கூட்டத்துக்குத் தயாரித்து வைத்திருந்த நிஜ விஷயங்களையே எடுத்துக் கொடுத்தார். அது புத்திசாலித்தனம் என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

தலைவர் புரட்டிப் பார்த்தார். "இது நிஜமாவே வர்ற விஷயம்தானே? கோரமும் இருக்கு. அப்புறம் ஒத்திகை எதுக்கு, கூட்டத்தையே நடத்திடலாம். முதல் தீர்மானம் என்னோடது. இந்த வல்லுநரை வருஷம் பூரா நம்ம வாரியத்துக்குப் பயிற்சியாளரா போடறோம். எழுதுங்க கோரம்."

மேசையைத் தட்டினார்கள். கோரம் பேனாவை எடுத்தார்.

ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் பொறுப்பு போகும், நாற்காலி நிலைக்கும், மச்சானுக்கு வேலை, வீட்டில் ஒரு மாசத்துக்காவது மரியாதை. பேனா நகரவில்லை. அவர் கலந்துகொண்ட பயிற்சிகளுக்குக் கணக்கே கிடையாது. எதிலும் ஒரு எழுத்து மண்டையில் ஏறியதில்லை. போயும் போயும் இன்றைக்கு, மச்சான் வாயால் கேட்டது ஏறித் தொலைத்திருந்தது.

எழுந்து நின்றார். "சார், எனக்குச் சம்பந்தம் இருக்கு."

"எதுல?"

"இவர்ல. இவர் என் பொண்டாட்டியோட தம்பி. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித்தர்றாரு."

தலைவர் மச்சானையும் கோரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில இருந்து யாரோ மாதிரி நடிச்சீங்களே" என்றார் தலைவர்.

"நடிக்கல சார். வீட்டுலயும் என்கிட்ட எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "நல்ல நிர்வாகம் சொல்லித்தரச் சொந்தக்காரனையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. கேவலமா இல்ல? உங்க பொறுப்பைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். தீர்மானம் ரத்து. வெளிய போங்க."

"லேட்டா போட்டாலும் இண்டிகேட்டர் போட்டாரு சார்" என்றான் மச்சான் வருத்தத்தோடு. "போடாமலே திரும்பறவங்கதான் நிறைய." யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், அவ்வளவுதான்.

கோரம் வராந்தாவுக்கு வந்தார். உள்ளே தலைவர் அடுத்த விஷயத்தை வாசிப்பது கேட்டது. வருஷ ஒப்பந்தங்கள்: குழாய், கேன்டீன், வாடகைக் கார், எல்லாம் சேர்த்து ஒரே தீர்மானம்.

கதவு திறந்தது. பொறியாளர் வந்து பக்கத்தில் நின்றார்.

"குழாயா?" என்றார் கோரம்.

"தம்பி கடை" என்றார் பொறியாளர், செருப்பைப் பார்த்தபடி. "உங்க மச்சான் என்னையே பார்த்துட்டு நிக்கறாரு, உட்கார முடியல."

மறுபடி கதவு. கணக்குக் குழு அம்மா. "கேன்டீன். சம்பந்தி" என்றார். "பொண்ணைக் குடுத்த இடம். நான் என்ன பண்றது?"

கொஞ்ச நேரத்தில் வக்கீல் உறுப்பினர், காரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் டாக்டர் உறுப்பினர், எது என்று சொல்லவில்லை. "எனக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். கடைசியில் மச்சானும் வந்துவிட்டான்.

"நீ ஏன்டா வந்த?"

"பாடம் கேக்க உள்ள ஆள் இல்ல மாமா."

கேன்டீன் டீ வந்தது. எல்லோரும் சுவரோரமாக நின்று குடித்தார்கள். டீ நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். கணக்குக் குழு அம்மா கேட்காதது போல இருந்தார்.

"விஷயம் முடிஞ்சதும் உள்ள போகலாம்தானே?" என்றார் பொறியாளர்.

"போகலாம். முடிக்கறதுக்கு உள்ள ஆள் வேணும்" என்றார் கோரம். "கோரம் போயிடுச்சு. பயிற்சி செல்லாது."

"எந்தக் கோரம்?" என்றார் வக்கீல்.

"ரெண்டும்தான்."

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. நீளமான மேசை, காலி நாற்காலிகள், தலைப்பக்கத்தில் தலைவர் மட்டும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. சட்டென்று எழுந்து வந்து கதவைத் திறந்தார். எல்லோரும் டீயைப் பின்னால் மறைத்தார்கள்.

"நல்லா பார்த்துக்குங்க" என்றார். "இத்தனை பேர்ல ஒரு சம்பந்தமும் இல்லாம உட்கார்ந்திருக்கறவன் நான் ஒருத்தன்தான். கோரம், உங்க வேலைக்கு நாளைக்கே வேற ஆளைத் தேடறேன்." கதவு சாத்திக்கொண்டது.

மச்சான் மெதுவாகச் சொன்னான். "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா மாமா?"

"வேண்டாம். வாங்கற அடியை நேரா வாங்கிக்கறேன்."

போன் அடித்தது. அவள்தான் என்று நினைத்து ஒதுங்கிப் போய் எடுத்தார். பயிற்சியாளர். குரல் மணி அடித்த மாதிரி இருந்தது.

"சார், பயிற்சி எப்படிப் போகுது?"

"உங்களுக்குத் தொண்டை சரியாயிடுச்சா?"

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல சார். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. நடத்தப்போற பாடத்தைக் காலையில ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். அப்புறம் அங்க வர மனசு வரல."

கோரத்துக்கு இதெல்லாம் காதில் முழுசாக ஏறவில்லை. "வந்து என்ன ஆகப்போகுது, விடுங்க. சம்பந்தம் உள்ளவங்க வெளிய போகணும்னு சொன்னதுல எல்லாரும் வராந்தாவுலதான் நிக்கறோம். உள்ள தலைவர் ஒருத்தர்தான் இருக்காரு."

பயிற்சியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அப்ப எங்க மாமனார் மட்டும் இன்னும் வெளிய வரலையா?"