தொட்டியில் ஒரு சொட்டும் ஒழுகாது

சிராங்கூன்
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ரத்னவேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கமலத்தின் கணவன் அழகேசன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். புக்கிட் மேராவில் நீங்களும் பூவம்மா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கமலம் படித்துவிடுவாள்.

விஷயம் எங்கள் குளியல் தொட்டியைப் பற்றியது. அடியில் துருப்பிடித்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. கீழ்வீட்டு நஃபீசா வந்து, “அண்ணே, எங்க டாய்லெட் சீலிங்ல சொட்டுது லா, கொஞ்சம் பாருங்க” என்று தன்மையாகத்தான் சொன்னார். உங்கள் தங்கைக்கு அது போதுமானதாக இருந்தது. “தொட்டிய ஹேக் பண்ணி, ஒடைச்சு எடுத்துட்டு ஷவர் வச்சிடலாம். கான்ட்ராக்டர் வெங்கடேஷ சண்டே வரச் சொல்லவா?” என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். மச்சான், சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி தூக்கியே தேய்ந்த முதுகு இது. வெந்நீரில் கால் நீட்டிக் கிடக்கும் அந்த அரைமணி நேரம்தான் இந்த முதுகு என்னோடு சமாதானமாக இருக்கிறது. தொட்டி போனால் நானும் பாதி போனமாதிரி. நானே அடைத்துக் காட்டுகிறேன், ஞாயிறன்று உன் அண்ணன் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றேன். அண்ணன் என்றதும் சம்மதித்தாள்.

எப்பாக்சி என்று ஒரு பசை இருக்கிறது. இரண்டு குப்பிகளைக் கலந்தால் கல்லாகிவிடும். கலந்து முடித்த பிறகுதான் மளிகைக் கடை நாட்காட்டியைப் பார்த்தேன், ராகு காலம் அப்போதுதான் பிறந்திருந்தது. நல்ல காரியத்தை அதில் தொடங்கலாமா? காத்திருந்தேன். ராகு போனபோது பசை கிண்ணத்திலேயே கல்லாகி, நடுவில் கமலத்தின் பாயசக் கரண்டி கொடிக்கம்பம் போல நின்றது. கிண்ணத்தை அப்புறப்படுத்திவிட்டேன். கரண்டியைத் தேடுகிறாள், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.

இரண்டாம் முறை எந்தக் குறையும் வைக்கவில்லை. துருத்தூள் கழிவுக்குழாயில் போய் அடைக்கக்கூடாதே என்று, தரையில் தண்ணீர் போகும் வழியைப் பிளாஸ்டிக்கும் டேப்பும் போட்டு மூடினேன். உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, ஃபைபர் துணி வைத்து, பசை பூசி, மேலே வெள்ளை வண்ணமும் அடித்தாயிற்று. பசை மிஞ்சியது. அப்போதுதான் இன்னொரு ஓட்டை கண்ணில் பட்டது, குழாய்க்குச் சற்றுக் கீழே, தொட்டியின் பக்கச்சுவரில். சுற்றிலும் துரு. துரு இவ்வளவு அச்சு வட்டமாகத் தின்னுமா என்று வியந்து, அதையும் அடைத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஒருவர் கண்ணிலும் படாத ஓட்டை, மச்சான்!

பசை நன்றாகக் காய்ந்துவிட்டது. கமலம் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அடைப்பானைப் போட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். சற்றுமுன் போய்ப் பார்த்தேன், பாதித் தொட்டி நிறைந்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆகவே ஞாயிறன்று தைரியமாக வந்து, எனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லலாம். மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அழகேசன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது கால் நனைந்தது. தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. அதே நேரத்தில் கமலமும் வந்துவிட்டாள். “தண்ணி மேல ஏறுனா வெளிய போறதுக்குத்தானேங்க அந்த ஓட்டை! அதப் போயா அடைச்சீங்க?” என்கிறாள். தரையிலும் நான் வழி விட்டு வைக்கவில்லை. நஃபீசா வீட்டில் இப்போது சொட்டவில்லை, கொட்டுகிறதாம். வெங்கடேஷுக்குப் போன் போய்விட்டது. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு உடனே டாக்சி பிடியுங்கள். தபாலுக்கு நேரமில்லாததால் இதுவரை எழுதியதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், இந்த மிச்சம் அடுத்த படத்தில் வரும். அவசரத்தில் அது குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது. கமலம் எதிரில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது கரண்டியில் இருக்கிறாள். பரவாயில்லை. அடியில் போட்ட ஒட்டு ஒழுகவில்லை என்ற இடம்வரை படிக்கட்டும்.