புத்தகக் கசாயம்

ஆளைப் பாயோடு ஒட்ட வைக்கிற மந்திரம் மட்டக்களப்பில் உண்டென்று வெளியூரார் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையைப் புத்தகத்தோடு ஒட்ட வைக்க ஒரு மந்திரம் இல்லாவிட்டால் எவ்வளவு மானக்கேடு! அந்தக் குறையைத் தீர்க்கவே நாட்டு வைத்தியம் பார்க்கும் கதிர்காமத்தம்பிப் பரியாரியார் ஆரையம்பதிக்கு வந்து அடுப்பு மூட்டினார்.

வேலை சுலபம். பாடப் புத்தகத்தைப் பானையில் போட்டு அவிப்பார். மந்திரம் ஓதுவார். பிள்ளை குடித்தால் பாடம் இரத்தத்தில் ஏறிவிடும். ஓதின தண்ணீரில் தலையிடி போகும்போது ஓதின புத்தகத்தில் கணக்கு வராதா என்று ஊர் கேட்டது. அடேயப்பா, என்ன புத்தி! கோழியும் நெல்லுமாகச் சனம் வாவிக்கரை வரைக்கும் வரிசையில் நின்றது. குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனது. "அறியாமை வெளிய போகுது" என்றார் பரியாரியார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

யோகராசாவும் மகள் கண்ணகையின் ஒரே வாசிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அடுத்த கிழமை பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். சோதனையில் தவறினால் மகளைப் பள்ளியை விட்டு மறிப்பதென்று சொல்லியிருந்தவரும் இதே யோகராசாதான்.

மனைவி சீதேவிப்பிள்ளை வாசலை மறித்தாள். பொழுதுபட்டால் மகளைப் பக்கத்தில் இருத்தி, "இண்டைக்கு என்ன படிச்ச? எனக்குச் சொல்லு" என்று கேட்பவள் அவள்.

"புத்தகத்த அவிச்சா புள்ள நாளைக்கு எதப் பாத்துப் படிக்கிற?"

"அதுதான் படிக்கத் தேவயில்லயே!"

"ஓம், வெள்ளாமையும் தேவயில்ல, வயல் வட்டையை அவிச்சுக் குடிப்பம். இஞ்ச தாங்க, நானும் வாறன்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், துணியில் தைத்த பொட்டலத்தோடு வந்தாள். பரியாரியாரிடம் போய்க் கூட்டத்தின் நடுவே அதை நீட்டினாள்.

"பரியாரியார், முதல்ல நீங்க ஒள்ளுப்பம், ஒரு மிடறு குடிச்சு, இதில என்ன பாடம் கிடக்கெண்டு சொல்லுங்க. மறுகா புள்ளைக்குக் குடுப்பம்."

சனம் "சரிதானே!" என்றது. பொட்டலம் அவிந்தது. குடித்தார். ஆடினார். கண்ணைச் சொருகினார்.

"சரித்திரம்! ராசா வாறார்! பின்னால யானை வருது!"

சீதேவிப்பிள்ளை பொட்டலத்தை வெளியே எடுத்துத் தையலை அறுத்தாள். உள்ளே வெறும் வாழைச்சருகு.

"யானை வந்தது சரி, வாழை தின்ன வந்திருக்கும். ராசா எங்க?"

பரியாரியார் ஒரு கையில் வேட்டியும் மறுகையில் கோழியுமாகத் தோணிக்கு ஓடினார். கோழி பாதி வழியில் குதித்துத் தப்பிவிட்டது. அங்கே நின்றவர்களில் முதலில் புத்தி வந்தது அதற்குத்தான்.

அன்று பொழுதுபட யோகராசா வெட்கத்தோடு மகளுக்குப் பக்கத்தில் இருந்து, அவள் வாசிக்க வாசிக்க "மறுகா?" என்று கேட்டார். கண்ணகைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சோதனையிலும் தேறினாள்.

பெரியோரே, கசாயத்துக்கு வரிசையில் நிற்க நேரமிருந்த உங்களுக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க மட்டும் நேரமில்லையா? கழுத்துக்கு மேலே இருப்பது என்ன, பானைக்கு மூடியா?