பொம்மைக்கு வைத்த சேனை

மானம் போக ஊரில் எத்தனையோ வழி இருக்கிறது. எனக்கு வலதுகை ஆள்காட்டி விரல் வழியாகப் போனது.

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளை பிறந்ததும் யாராவது சீனித்தண்ணியை விரலில் தொட்டு அதன் நாக்கில் வைப்பார்கள். சேனை என்று பேர். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு நான்தான் வைத்தேன். (அதுல ஒருத்தன் போலீஸ்ல இருக்கான், ஒருத்தனப் போலீஸ் தேடுது.) மருமகள் முத்துமாரி முதல்முறையாக உண்டாகியிருந்தாள். அந்தப் பிள்ளைக்கும் நானே வைக்க வேண்டுமென்று விரல் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, தலைப்பிள்ளைக்காரிகளுக்குத் தாய்ப்பால் பற்றிச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார். நாலு பிள்ளை வளர்த்தவள் சொன்னால் கேட்பார்களாம். எனக்குப் படிக்கத் தெரியாது; வாயாலேயே சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும், பீய்ச்சிக் கொட்டக் கூடாது. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான். சேனை கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (அதுல என்னை மிஞ்ச ஆளில்ல.)

வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் வந்திருந்தார்கள்; முன்வரிசையில் முத்துமாரி. என் கையில் துணிப்பொம்மை, மேசையில் மைக். சீம்பாலைப் பற்றி நான் பேசிய பேச்சில் நர்ஸம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"இப்பப் பிள்ளைய மார்ல அணைச்சுக் காட்டுங்க பெரியம்மா" என்றார்.

பொம்மையை ஏந்தினேன். பழகின கை சும்மா இருக்குமா? மேசையில் இருந்த நர்ஸம்மாவின் டீயில் விரலைத் தொட்டுப் பொம்மை வாயில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு வயிறும் குலுங்கின. அதோடு நிறுத்தியிருக்கலாம். சேனை இல்லாமல் பிள்ளைக்குக் குணம் எங்கிருந்து வரும் என்று மைக்கை எடுத்தே கேட்டேன்.

முத்துமாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை, உங்க மகனுக்கு யாரு வச்சது?"

"என் மாமியாதேன்."

"உங்க மகன் கோவம் அம்புட்டும் அவுக அப்பத்தா குணம்னு நீங்கதேன் சொல்வீக. அதோட நான் படுறது போதும். எம்பிள்ளைக்கு எம்பாலு மட்டும் போதும்."

நர்ஸம்மா என் கையிலிருந்து மைக்கை வாங்கி அவளிடம் கொடுத்தார். மிச்ச வகுப்பை நடத்தியது என் மருமகள்.

சொன்னபடியே செய்தாள். பேத்திக்கு ஆறு மாசம் அவள் பால் மட்டும்தான். (என் விரல் சேலைத் தலைப்புக்குள்ளயே கிடந்துச்சு.) பேத்திக்கு இப்போது நாலு வயசு. பால்வாடியில் டீச்சரைப் பேசவிடாமல் இவளே பேசுகிறாளாம். புகார் வரும்போதெல்லாம் முத்துமாரி என்னைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறாள்.

"நீங்க சேனை வைக்காமலே உங்களாட்டம் இப்படி. வச்சிருந்தா என்னத்துக்கு ஆகுறது அத்தை."